பூண்டி, குடியம் ஒருநாள் நடை: காடும் ஏரியும் அருமை, ஆட்டோ மட்டும் கொடுமை

திருவள்ளூர் பக்கம் குடியம் குகைக்கும் பூண்டி ஏரிக்கும் ஒருநாள் போய்வந்தேன். முதலில் அந்த ஆட்டோ சமாச்சாரத்தைக் கொட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதை எழுதக் கை ஓடாது. திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில், "குடியம் வரைக்கும் 700 சார், அதுக்கு மேல ஒத்த ரூபா கேக்க மாட்டேன்" என்றுதான் ஏற்றிக்கொண்டார். பூண்டி தாண்டியதும் ரோடு மோசம் என்று 100 ஏறியது. ஊருக்குள் நுழைந்ததும், "ரிட்டர்ன் காலியாப் போணும் சார்" என்று இன்னொரு 200.

"ஏண்ணா, காலியாத்தான் திரும்பணும்னு ஏத்தும்போதே தெரியாதா?"

"காட்டுக்குள்ள எவன் சார் வருவான்? நான் வந்தேன்ல!"

ஆக மொத்தம் 1000. சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டிலிருந்து திருவள்ளூர் வரை நாற்பது சொச்சம் கிலோமீட்டருக்கு லோக்கல் ரயிலில் நான் கொடுத்தது 10 ரூபாய். அதைவிடக் குறைந்த தூரத்துக்கு இவருக்கு ஆயிரம்! போகிறவர்கள் நாலு பேராகச் சேர்ந்து போங்கள், வண்டி கிளம்பும் முன்பே "வெயிட்டிங், ரிட்டர்ன் எல்லாம் சேர்த்துத்தானே?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பூண்டி வரைக்கும் பஸ் உண்டு. அதற்கு அப்பால் குடியத்துக்கு பஸ்ஸை நம்பினால் பொழுது போய்விடும். பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "ட்ரெக்கிங் போகணும், ஆனா மலையேற மூச்சு வாங்கும்" என்று சொல்லும் சென்னைக்காரர்கள் ஆபீஸுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களை எடுத்த எடுப்பில் நாகலாபுரம் மாதிரி பாறை தாவும் இடங்களுக்கு இழுத்துப் போனால், அதோடு ட்ரெக்கிங் ஆசையே போய்விடும். என்னைக் கேட்டால், முதல் நடைக்குக் குடியம் குகைதான். ஏற்றம் என்று பெரிதாக எதுவுமில்லை. போக வர எட்டு, ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். கூட வந்த சித்தப்பா மகனுக்கு அன்றாடம் நடப்பதே டீக்கடை வரைக்கும்தான். அவனே முனகாமல் நடந்தான்.

இது காப்புக்காடு, இஷ்டத்துக்கு நுழைய முடியாது. வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் குடியமும் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், கையில் அடையாள அட்டை வேண்டும். வழிகாட்ட உள்ளூர் ஆட்கள் வருவார்கள். "நடக்கறதுக்குக் கூடவா காசு?" என்று அப்பா கேட்டார். கட்டும்போது எனக்கும் கொஞ்சம் கடித்தது. ஆனால் எங்களுக்கு வழிகாட்ட வந்த பையன் எந்தப் புதரில் என்ன இருக்கும் என்று சொல்லிக்கொண்டே நடந்ததைக் கேட்ட பிறகு, அந்தக் காசு சரியான கைக்குத்தான் போகிறது என்று தோன்றியது.

பாதை முழுக்க முள்ளும் புதருமான காடு. காலுக்கடியில் உருண்டை உருண்டையாகக் கூழாங்கல். செருப்பு வேண்டவே வேண்டாம், கணுக்கால் பிசகிவிடும். முதலில் ஒரு சின்னக் குகை வருகிறது. அதைப் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்ளோ தூரம்?" என்று எங்கள் ஆள் ஆரம்பித்தான். இன்னும் கொஞ்சம் நடந்து பெரிய குகைக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. குகை என்றால் சுரங்கம் மாதிரி எதுவும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பெரிய பாறை ஒன்று வெளியே நீண்டு, கீழே ஒரு கல்யாணக் கூட்டமே உட்காரும் அளவுக்கு நிழல் விழுகிறது. பாறையைக் கிட்டப் போய்ப் பாருங்கள், கடலை மிட்டாயில் கடலை பதிந்த மாதிரி அத்தனையும் கூழாங்கற்கள்! என்றோ ஓடிய தண்ணீர் உருட்டி வழவழப்பாக்கிய கற்கள், படிந்து இறுகிப் பாறையாகிவிட்டன. இதே கல்லை உடைத்துத்தான் ஆதி மனிதர்கள் கோடரி செய்திருக்கிறார்கள்.

ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் பூண்டிக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அந்த அத்திரம்பாக்கக் கருவிகளில் பழையவற்றுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வயது என்று 2011இல் ஆய்வு முடிவு வந்தது. பூண்டியில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, இந்தக் கருவிகளைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஊர் ஊராகப் போய் கோட்டை பார்க்கிறோம், வீட்டிலிருந்து ரெண்டு மணி நேரத்தில் இருக்கும் இதைப் பற்றிப் பேச ஆளில்லை. எரிச்சலாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. குகையின் மேல்விளிம்பில் பெரிய பெரிய தேன்கூடுகள் தொங்குகின்றன. சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், புகை கூடாது, கூச்சலும் கூடாது. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு கும்பல் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டது. வழிகாட்டிப் பையன் ஓடிப்போய் அணைத்தான்.

திரும்பும்போது ஆட்டோ வேண்டாம் என்று நாங்கள் உறுதியாக இருந்ததற்குக் கைமேல் பலன். காய்கறி ஏற்றிக்கொண்டு போன டாடா ஏஸ்காரர் ஒருவர் பின்னால் ஏற்றிக்கொண்டு பூண்டியில் இறக்கிவிட்டார். 100 ரூபாய் நீட்டினால், "எதுக்குப்பா?" என்று 50 மட்டும் வாங்கிக்கொண்டார். காலையில் பார்த்த ஆட்டோக்காரரை மறுபடி ஒருமுறை மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

பசி. ஏரிக்கரையோரம் இரும்புச் சட்டியில் ஜிலேபி மீன் பொரிந்துகொண்டிருந்தது. மசாலாவில் பூண்டு தூக்கல், கலர்ப்பொடி இல்லை. "முள்ளு பாத்துத் தின்னு தம்பி" என்று அந்த அக்கா சொல்வதற்குள் முதல் மீன் காலி. சென்னையில் ஏசி ஓட்டலில் 400 ரூபாய்க்கு வரும் வறுவல் இதன் பக்கத்தில் நிற்காது. இரண்டு பேரும் வயிறு முட்டத் தின்று 240தான் ஆனது.

அதற்கப்புறம் கரையேறினோம். மழைக்காலம் முடிந்த சமயம், ஏரி கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. தினமும் பேப்பரில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நீர்மட்டம் போடுவார்களே, அதில் 35 அடி என்று படித்துவிட்டுத் தள்ளிவிடுவது இதைத்தானா! எதிர்க்கரை கண்ணுக்கு எட்டவில்லை. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடித்த அணை இது. சென்னை மேயராக இருந்து இதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி 1943லேயே போய்விட்டார், பெயர் மட்டும் சத்தியமூர்த்தி சாகர் என்று நிற்கிறது. ஆந்திராவின் கண்டலேறுவிலிருந்து கால்வாயில் வரும் கிருஷ்ணா தண்ணீரும் இங்கேதான் சேர்ந்து, புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போகிறது. அம்பத்தூரில் ஒருநாள் குழாய் வராவிட்டால் நான் போடும் சத்தம் ஞாபகம் வந்தது.

மதகு திறந்திருக்கும் நாளில் போலீஸ் கரையில் விடமாட்டார்கள், வாக்குவாதம் செய்யாதீர்கள். தண்ணீரில் இறங்குவது எப்போதுமே வேண்டாம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் மதியத்துக்கு ஏதாவதும் திருவள்ளூரிலேயே வாங்கிவிடுங்கள், குடியத்தில் கடையை நம்ப முடியாது. போனில் சிக்னலும் அப்படித்தான். விடியற்காலை ரயிலைப் பிடித்தால் வெயிலுக்கு முன் நடந்துவிடலாம். டிசம்பர், ஜனவரி உத்தமம். 2025இல் காட்டுத்தீ பயத்தால் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை இந்தப் பாதைகளை மூடிவிட்டார்கள். அதனால் பொங்கல் லீவைக் குறிவைத்து இப்போதே பதிவு செய்யுங்கள். ஆட்டோவுக்கு நாலாவது ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள், நான் வருகிறேன், மீனுக்காகவாவது.