ஸ்டேட் வேறு, மோடு வேறு: ரோக் படிக்கப் போகிறவர்களுக்கு

"கம்ப்ரஸர் எந்த மோடில் தொடங்கும்?" ரோக் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வந்த முதல் கேள்வி. ரோக் என்பது நெட்வொர்க்கில் பாக்கெட்டின் ஹெடரை (முகவரி முதலிய தலைப்புத் தகவலை) சுருக்கி அனுப்பும் முறை; சுருக்கும் முனை கம்ப்ரஸர், மீண்டும் விரிக்கும் முனை டிகம்ப்ரஸர். "ஐஆர்" என்றேன். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஐஆர் என்பது ஸ்டேட். மோடு, யூனிடைரக்‌ஷனல்.

பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயிலில் போய் வரும்போதெல்லாம் ரோபஸ்ட் ஹெடர் கம்ப்ரஷன், அதாவது ரோக் பற்றித்தான் படித்தேன். இணைய நெறிமுறைகளான ஐபிவி4-க்கு 20 பைட், யூடிபிக்கு 8, ஆர்டிபிக்கு 12, ஆக 40 பைட் ஹெடரை 1 பைட் வரை சுருக்கலாம் என்பது மனப்பாடம். ஆனால் 2001-ல் வந்த, ரோக்கை வரையறுக்கும் ஆர்எஃப்சி 3095 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தின் இரண்டாம் பகுதியை, சொல் விளக்கம்தானே என்று தாண்டிவிட்டேன். தவறு அங்கேதான்.

டிகம்ப்ரஸருக்கு எவ்வளவு தெரியும் என்று கம்ப்ரஸர் நம்புகிறதோ, அதைச் சொல்வது ஸ்டேட்: ஐஆர் (எல்லாவற்றையும் முழுதாக அனுப்பும் தொடக்கம்), எஃப்ஓ (மாறியதை மட்டும் அனுப்புவது), எஸ்ஓ (மிகக் குறைவாக அனுப்புவது). டிகம்ப்ரஸர் திருப்பிச் சொல்லும் மறுமொழியை, அதாவது ஃபீட்பேக்கை, எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது மோடு: யூ (மறுமொழி இல்லாதது), ஓ (அரிதாக மறுமொழி), ஆர் (அதிக மறுமொழி). ஒவ்வொரு மோடிலும் மூன்று ஸ்டேட்டும் உண்டு. இது புரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அடுத்தது சேனல், அதாவது சுருக்கிய பாக்கெட்டுகள் போகும் பாதை. இதற்கு 2004-ல் வந்த ஆர்எஃப்சி 3759-ஐக் கட்டாயம் படியுங்கள். சொற்களைத் தெளிவாக்கவே எழுதியது. சாலை மாதிரி இரு பக்கமும் போகும் என்று நினைத்திருந்தேன். இல்லை, ரோக் சேனல் ஒருவழி. எங்கள் வயலில் நின்றபோது பிடிபட்டது: வாய்க்காலில் தண்ணீர் தலைமடையிலிருந்து கடைமடைக்குத்தான் வரும். கடைமடையில் தண்ணீர் ஏறவில்லை என்றால், அப்பா கரையோரமாக நடந்து போய் மேலே சொல்ல வேண்டும். அந்த நடைதான் ஃபீட்பேக். இரு பக்கமும் பேசும் அழைப்புக்கு இரண்டு சேனல் வேண்டும். ஒன்றுக்கான ஃபீட்பேக் மற்றதில் ஏறி வரலாம்.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று கேள்வி: யாரிடம் இருக்கிறது? எத்தனை? எந்தத் திசை? கான்டெக்ஸ்ட், அதாவது ஹெடரைச் சுருக்கவும் விரிக்கவும் நினைவில் வைக்கும் தகவல், இரு முனையிலும் இருக்கும், ஒரு பாக்கெட் ஓட்டத்துக்கு ஒன்று. சிஐடி (கான்டெக்ஸ்ட் ஐடி) அதைச் சுட்டும் எண் மட்டுமே. சிறிய சிஐடி 0 முதல் 15 வரை, பெரியது 16383 வரை போகும். ஓட்டம் முடிந்தபின் அதே எண் வேறு ஓட்டத்துக்குப் போகலாம். இதை எழுதிப் பார்க்காமல் விடாதீர்கள்.

2007-ல் வந்த ஆர்எஃப்சி 4815-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 3095-இல் சிக்கிய இடங்களை அது திருத்திச் சொல்கிறது.