அடங்கிப்போன வார்னிங்

இன்று காலை, தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் மென்பொருளான டேட்டாஸ்டேஜின் லொக்கில் (ஓட்டப் பதிவில்) ஒரு வார்னிங்கூட இல்லை. ஆனால் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்துக் கணக்கில் எல்லா நிறையும் முழு எண்.

18, 21, 16.

கொழுந்து நிறுத்தவர்களுக்குத் தெரியும், தராசு ஒருநாளும் இப்படி முழுசு முழுசாகக் காட்டாது.

தோண்டிப் பார்த்தேன். தசம நிறை முழு எண் கொலத்துக்குள் (column) போகிறது என்ற வார்னிங்கை யாரோ, எந்தச் செய்தியைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானிக்கும் மெசேஜ் ஹேண்ட்லரில் போட்டு லொக்கிலிருந்தே மறைத்திருக்கிறார்கள். அதுவும் புரொஜெக்ட் மட்டத்தில்! அந்த மெசேஜ் ஐடி இனி இந்தப் புரொஜெக்டின் எந்த ஜொப்பில் (தரவை ஓட்டும் வேலையில்) வந்தாலும் கண்ணில் படாது.

காரணம் விளங்குகிறது. 50 வார்னிங் சேர்ந்தால் ஜொப் நின்றுவிடும் என்பதுதான் வழக்கமான வரம்பு. நடுச்சாமத்தில் யார் எழும்புவது?

சரி, தொல்லை என்றால் வெறும் தகவலாக, அதாவது இன்ஃபர்மேஷனலாக இறக்கியிருக்கலாம். லொக்கில் கிடக்கும், வார்னிங் எண்ணிக்கையில் சேராது. மறைத்தே ஆகவேண்டுமென்றால் அந்த ஒரு ஜொப்புக்கு மட்டும்.

நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற இடம் இது. அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஒருவரின் சம்பளம்.

கொலத்தை மாற்றச் சொல்லி எழுதினேன். பதில் உடனே வந்தது: “வார்னிங் ஒன்னும் இல்லையே, ஏன் மாத்தணும்?”