ஒத்த எழுத்து மாத்துறதுக்கு இத்தனை பஞ்சாயத்தா?

ஒரு சாஃப்ட்வேரோட அறிமுகக் குறிப்பான ரீட்மீல ஒரு ஸ்பெல்லிங்க திருத்தி ஒருத்தர் பிஆர் (இந்தத் திருத்தத்த சேத்துக்கோங்கன்னு கேக்குற புல் ரிக்வெஸ்ட்) அனுப்புறாரு, ஓப்பன் சோர்ஸ் (கோட் எல்லாருக்கும் தெறந்து இருக்குற சாஃப்ட்வேர்) பக்கமே மொத தடவ வர்றாரு போல. அதுக்கு வர்ற ரிவ்யூவ பாருங்க: கமிட் மெசேஜ் (திருத்தத்தோட போற குறிப்பு) சரியில்ல, ரீபேஸ் பண்ணுங்க (புது கோட் மேல திரும்ப ஏத்துங்க), அப்படியே கீழ இருக்குற பத்தியையும் திருத்திடுங்களேன். ஆளு அத்தோட எஸ்கேப்.

என்னக் கேட்டா இது ரிவ்யூ பண்ணவர் தப்புதான். எல்லா கமிட்டையும் ஒண்ணாக்கிச் சேக்குற ஸ்குவாஷ் மெர்ஜ் பண்ணும்போது கமிட் மெசேஜ அவரே மாத்திக்கலாம், அந்தப் பெட்டி கண்ணு முன்னாடியேதான் இருக்கு. வேற வார்த்தை வேணும்னா, இந்த வேலையெல்லாம் நடக்குற தளமான கிட்ஹப்ல சஜஷனா போட்டா அனுப்புனவர் ஒரே கிளிக்ல ஏத்துக்குவாரு. செஞ்சாலும் செய்யாட்டியும் பரவால்லங்கிற விஷயத்துக்கு முன்னாடி "நிட்" (சின்னக் கொறை)னு போட்டு கையோட அப்ரூவலும் குடுத்துடணும். நிட்னு எழுதிட்டு, மாத்துனாதான் ஏத்துக்குவேன்னு சொல்ற "ரிக்வெஸ்ட் சேஞ்சஸ்" அழுத்துற மகராசனுங்களும் இருக்காங்க, அவங்கள என்ன பண்றதுன்னே தெரியல.

அதுக்காக வர்றத எல்லாம் வாங்கிப் போடவும் முடியாதுல்ல. 2020 ஹேக்டோபர்ஃபெஸ்ட் (அக்டோபர்ல பிஆர் அனுப்புனா டீஷர்ட்னு டிஜிட்டல்ஓஷன் கம்பெனி நடத்துனது) ஞாபகம் இருக்கா, ஓசி டீஷர்ட்டுக்காக ஊர்ல இருக்குற ரீட்மீ எல்லாத்துலயும் "ஆசம் ப்ராஜெக்ட்"னு ஒட்டி பிஆர் அனுப்புனாங்களே, கடைசில அந்த அக்டோபர் மாசத்துலயே டிஜிட்டல்ஓஷன் விதிய மாத்தி, விருப்பப்பட்டு சேர்ற ரெப்போ (ப்ராஜெக்ட் கோட் இருக்குற இடம்) மட்டும்தான் கணக்குன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. அந்த மாதிரி வந்தா ரிவ்யூவே வேணாம், ஸ்பேம்னு லேபிள் போட்டு மூடிடலாம்.

ஆனா சின்ன பேட்ச்சுன்னாலே அசால்ட்டா பாக்கலாம்னு நான் சொல்லல. டெபியன்ங்கிற லினக்ஸ்ல 2006ல, என்கிரிப்ஷன் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் கோட்ல ரெண்டே வரிய கமெண்ட் அவுட் பண்ணி ஓடாம வச்சாங்க, மெமரி தப்பு கண்டுபிடிக்குற வேல்கிரைண்ட் வார்னிங் குடுக்குதுன்னு. பண்ணவர் ஓப்பன்எஸ்எஸ்எல் ஆளுங்ககிட்ட கேட்டுட்டுதான் பண்ணாரு, யாரும் நிறுத்தல. ஆனா கீ (ரகசியச் சாவி) உருவாக்குற ரேண்டம் நம்பருக்குப் போற தீனியே அந்த வரி வழியாதான் போய்ட்டு இருந்துச்சு. அது போனதும் மிஞ்சுனது ஓடுற ப்ரோக்ராமுக்கு சிஸ்டம் குடுக்குற நம்பரான ப்ராசஸ் ஐடி மட்டும்தான், அதாவது ஒரே வகை மெஷின்ல ஒரே அளவு கீய எத்தன தடவ உருவாக்குனாலும் மொத்தமே 32,768 விதம்தான் வரும், ஒக்காந்து எல்லாத்தையும் போட்டுப் பாத்துடலாம். 2008 மே மாசம்தான் வெளிய வந்துச்சு, அப்புறம் அதுல செஞ்ச எஸ்எஸ்எச் கீ (வேற மெஷினுக்குள்ள லாகின் பண்ற சாவி) எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசா செஞ்சாங்க.

அதனால எத்தன வரின்னு எண்ணாம, எந்த வரின்னு பாருங்க. டாக்குமென்ட்ல எழுத்துப்பிழைன்னா பாத்தவுடனே மெர்ஜ் பண்ணுங்க; மெமரி, கிரிப்டோ (என்கிரிப்ஷன்) பக்கம் ஒரு வரி எடுத்தாலும் "இத எடுத்தா என்ன ஆகும்"னு அனுப்புனவர்கிட்ட கேட்டு பதில் வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க.

ஃபைல் முழுக்க ஸ்பேஸ் மட்டும் திருத்தி வர்றது தனி ரகம், அத ஏத்துக்கிட்டா, எந்த வரிய யாரு கடைசியா மாத்துனாங்கன்னு காட்டுற கிட் பிளேம் பாக்கும்போது எல்லா வரியிலயும் அந்த ஆள் பேருதான் நிக்கும். லினக்ஸ் கெர்னல்ல ஸ்டேபிள் கிளைக்கு (வெளியிட்ட வெர்ஷனுக்கு திருத்தம் மட்டும் போற கிளை) ஸ்பெல்லிங், ஸ்பேஸ் திருத்தம் எல்லாம் எடுக்க மாட்டோம்னு விதியிலயே எழுதி வச்சிருக்காங்க. உங்களுக்கும் வேணாம்னா காரணத்த ஒரு வரில எழுதி அன்னைக்கே மூடுங்க, மாசக்கணக்குல பதில் போடாம கெடப்புல போடாதீங்க.