போரூரிலிருந்து சுன்னாகத்துக்கு

வரைபடத்தில் மீனம்பாக்கத்தையும் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவையும் அடிமட்டம் வைத்து இணைத்துப் பாருங்கள். கோடு யாழ்ப்பாணத்தின் மேலேயே போகும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போக எனக்குப் பல வருடங்களாக அந்த வழிதான் இருந்தது. கிட்டத்தட்ட 640 கிலோமீட்டர் பறந்து போய் இறங்கி, கொழும்பில் இரவு பஸ் பிடித்து, தாண்டிப் போன ஊருக்கே இன்னும் 400 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். விடியப்புறம் இறங்கும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். நேர்கோட்டில் பார்த்தால் சென்னைக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் இடையில் வெறும் 355 கிலோமீட்டர்தான்!

2019 நவம்பரில் சென்னை விமானம் பலாலிக்கு வரத் தொடங்கியது. சந்தோஷப்பட்டு முடிவதற்குள் கொரோனா வந்து நின்றுபோனது. 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கிய பிறகு நான் கொழும்புப் பக்கமே போகவில்லை. 2025 மார்ச்சிலிருந்து திருச்சியிலிருந்தும் விமானம் விட்டிருக்கிறார்கள். அது இன்னும் கிட்ட, 185 கிலோமீட்டர்.

சென்னையிலிருந்து எவ்வளவு நேரம் ஆகும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தூரத்தை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து அரை மணி, முக்கால் மணி என்று நினைத்துவிட வேண்டாம். இந்த வழியில் ஓடுவது ஏடிஆர் 72, ப்ரொப்பெல்லர் வைத்த சின்ன விமானம். மேலே ஏறி நிலைத்த பிறகும் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் போகும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்து நிற்பது எல்லாம் சேர்த்தி. அதனால் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று இருக்கும். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை.

என் கணக்கு போரூர் வீட்டுக் கதவிலிருந்து சுன்னாகத்துப் படலை வரைக்கும். மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையம் போவது, குடிவரவு வரிசை, கடைசியில் ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம். முந்தி ஒரு பகலும் ஒரு இரவும் போகும்.

போகும்போது வலப்பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள். ஏடிஆரில் இறக்கை கூரையோடு மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைப்பு இல்லை. மேகம் இல்லாத நாளில் கரை கூடவே வரும். கோடியக்கரையோடு அது முடிந்து வெறும் கடல். நான் அந்த இடத்தில் யாரோடும் பேசுவதில்லை. கொஞ்ச நேரத்தில் பனைகள் தெரியும், அப்புறம் செம்பாட்டு மண், வெங்காயப் பாத்திகள்.

இறங்கியதும் முதல் போன் அம்மாவுக்கு.

“வந்திட்டியே பிள்ளை? சரி, நான் புட்டை அடுப்பில வைக்கிறன்.”

போன முறை படலையைத் திறக்கும்போது குழலில் ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது.