பேர் தெரியாதுன்னு சொன்ன சர்வே

வருஷா வருஷம் ஆபீஸ்ல அந்த ஊழியர் சர்வே மெயில் வந்துடும். மனசுல இருக்கறத தைரியமா சொல்லுங்க, யார் சொன்னாங்கன்னு யாருக்கும் தெரியாதுன்னு. சரி பாத்துக்கலாம்னு வேலையப் பாத்துட்டு இருந்தா நாலாம் நாள் இன்னொரு மெயில், "நீங்கள் இன்னும் நிரப்பவில்லை". யாருன்னே தெரியாதுன்னா நான் நிரப்பலங்கறது மட்டும் எப்படிய்யா தெரிஞ்சுது?

அப்புறம்தான் புரிஞ்சுது, அனானிமஸ் வேற கான்ஃபிடென்ஷியல் வேற. ஆளுக்கு ஒரு தனி லிங்க் போகுது, யார் முடிச்சாங்கன்னு சிஸ்டத்துக்குத் தெரியும், பேரப் போட்டு மேனேஜர்கிட்ட காட்ட மாட்டாங்க, அவ்ளோதான். அதுவும் முதல் பக்கத்துலயே எந்த டிபார்ட்மென்ட், எத்தன வருஷ சர்வீஸ், என்ன வயசு, ஆணா பொண்ணான்னு கேப்பாங்க. எங்க டீம்ல பத்து வருஷத்துக்கு மேல இருக்கற பொண்ணு ஒரே ஒருத்தங்கதான். அவங்க பேர எழுதாட்டி என்ன?

அந்த 0 டு 10 கேள்வி தனி காமெடி. இங்க வேலைக்குச் சேரச் சொல்லி நண்பருக்கு சிபாரிசு பண்ணுவீங்களா? 9, 10 போட்டாதான் நம்மாளு. 7, 8 ரெண்டும்கெட்டான், கூட்டவும் மாட்டாங்க கழிக்கவும் மாட்டாங்க. 6ம் அதுக்குக் கீழயும் எதிர்க்கட்சி. நம்மாளுங்க சதவீதத்துல இருந்து எதிர்க்கட்சி சதவீதத்தக் கழிச்சா வர்றதுதான் மார்க். பரீட்சையில 60 வாங்குனா பாஸ், இங்க 6 போட்டா விரோதி. இது தெரிஞ்ச எங்க பழைய மேனேஜர் சர்வேக்கு முந்தின நாளே கூப்ட்டு வச்சு "8 போட்டு என்னக் கவுத்துடாதீங்கப்பா"ம்பாரு. பாவம், அவரோட ரேட்டிங்கும் அந்த நம்பர்லதான் தொங்கிட்டு இருந்துச்சு.

ஒரு வருஷம் எல்லாருமா வேலைப்பளு தாங்கலன்னு எழுதுனோம். டென்ஷனக் குறைக்கறது எப்படின்னு ஒரு மணி நேரம் க்ளாஸ் வச்சாங்க. சாயங்காலம் 6 மணிக்கு!

இதையெல்லாம் கிண்டலடிச்சுட்டுத் திரிஞ்ச நானே அப்புறம் டீம் லீட் ஆனேன், ரிசல்ட் என் ஸ்க்ரீனுக்கு வந்துச்சு. அஞ்சு பேருக்குக் கம்மியா பதில் வந்தா காட்டாதாம், எனக்கு ஆறு வந்துருந்துச்சு. நம்பர்லாம் பரவால்லாம இருந்துச்சு, அதத் தாண்டி நேரா கமென்ட்ஸுக்குத்தான் போனேன், அதுல ஒருத்தர் "ஆக மொத்தத்தில் லீட் எங்கள் பேச்சைக் கேட்பதே இல்லை"ன்னு எழுதிருந்தாரு. எங்க டீம்ல மெயிலுக்கு மெயில் "ஆக மொத்தத்தில்" போடறது ஒரே ஆள்தான். கண்டுபிடிக்கணும்னு நான் நெனைக்கவே இல்ல, படிக்கும்போதே அவன் குரல்லதான் கேட்டுச்சு.

ஒண்ணும் பண்ணல அவன. ஆனா அடுத்த மீட்டிங்ல அவன் பேச ஆரம்பிச்சதும் "சொல்லுப்பா, கேக்கறேன்"ன்னு கொஞ்சம் அழுத்திச் சொல்லிட்டேன், வேணும்னு சொன்னேனா தெரியாம வந்துச்சான்னு இன்னிக்கும் எனக்கே நிச்சயமில்ல. அவன் ஒரு நிமிஷம் என்னையே பாத்தான்.

அதுக்கடுத்த வருஷம் எங்க டீம் மார்க் நல்லாவே ஏறுச்சு. கமென்ட்ஸ் பக்கத்துல ஒண்ணுமே இல்ல.