தம் அடிக்கப் போகும் ஐந்து நிமிடம்

சிகரெட் உயிரைக் குடிக்கும் என்று தெரிந்ததும் ஊர் அதை ஒதுக்கிவிட்டதாக நினைக்கிறோம். அப்படி நடக்கவில்லை. புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பிரிட்டனில் டால், ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் 1950லேயே எழுதிவிட்டார்கள். 1964ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரே அறிக்கை விட்டார். அதற்கப்புறமும் ஆபீஸ் மேஜையில் ஆஷ்ட்ரே பல வருஷம் இருந்தது. அவன் உடம்பு, அவன் பாடு!

1981ல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா வெளியிட்ட ஆய்வுதான் பேச்சை மாற்றியது. கணவர் புகைத்தால், புகைக்காத மனைவிக்கும் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது என்றார் அவர். சிகரெட் கம்பெனிகள் வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தன; பின்னால் வந்த ஆய்வுகள் அவர் பக்கமே நின்றன. பக்கத்து சீட்டுக்காரருக்கு 'வெளியே போய்ப் பிடிங்க' என்று சொல்லும் உரிமைக்கு வலு கிடைத்தது அங்கேதான்.

விமானத்தில் புகைப்பவர்களுக்குத் தனி வரிசை ஒதுக்கிப் பார்த்தார்கள். கேபினுக்குள் சுற்றுவது ஒரே காற்று. வரிசை எண்ணைப் பார்த்தா புகை நிற்கும்? புகைப்பவர்களுக்கென்று ஒதுக்கும் கண்ணாடி அறையும் அப்படித்தான். கதவைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் வெளியே வரும். அயர்லாந்து 2004ல் பப் உட்பட கிட்டத்தட்ட எல்லா மூடிய வேலையிடங்களிலும் புகைப்பதைத் தடுத்தது. உருப்படியான வழி அதுதான்.

சட்டத்தால் பிடுங்க முடியாத ஒன்று உண்டு. சிகரெட் என்பது வேலையிலிருந்து எழுந்து போக ஒரு சாக்கு. 'நெருப்பு இருக்கா?' என்று கேட்டால் முன்பின் தெரியாதவரோடும் பேச்சு தொடங்கும். மேனேஜரும் புதுசாகச் சேர்ந்த பையனும் சமமாக நிற்கும் இடம் ஆபீஸில் வேறெங்கே இருக்கிறது? விட நினைப்பவர் பலர் சறுக்குவதும் இங்கேதான். நிக்கோட்டினோடு சேர்த்து ஆட்களையும் இழக்கிறார்கள்.

அதனால் சிகரெட்டை விட்டாலும் அந்த ஐந்து நிமிட இடைவேளையை விடாதீர்கள். அதே நேரத்துக்கு எழுந்து, புகைக்காத ஒருவரோடு வேறு பக்கம் நடங்கள். ஆசை தலைக்கேறினாலும் சில நிமிடங்களில் தணியும். முதல் சில வாரம் பழைய இடத்தில் போய் நிற்க வேண்டாம்.

சிகரெட்டை விட உதவும் நிக்கோட்டின் கம் எடுத்தால், எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி. சாதா சூயிங்கம் போல மெல்லக்கூடாது. நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும்தான் மிச்சமாகும். மென்று, வாயில் சுரீர் என்றதும் கன்னத்துக்குள் ஒதுக்கி வையுங்கள். அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். ஒரு கம் அரை மணி வரும். கம் போடுவதற்கு முந்தைய 15 நிமிடமும் மெல்லும்போதும் காபி, ஜூஸ் வேண்டாம். அமிலம் இருந்தால் வாய்க்குள் நிக்கோட்டின் சரியாக ஏறாது.