டிஎஸ்சி சோதனைக்குக் கொடுக்குமுன் பாரத்தை முழுசா நிரப்புங்க

கங்கைகொண்டான் பக்கம் பிபி (பாலிபுரொப்பிலீன்) பிளாஸ்டிக் மூடி அடிக்கிற யூனிட். ரீசைக்கிள் குருணை கலந்ததும் மூடி வளைய ஆரம்பித்தது. சூடாக்கிக் குளிர்வித்து, பொருள் எந்தச் சூட்டில் உருகுகிறது, படிகமாகிறது என்று காட்டும் டிஎஸ்சி சோதனைக்கு லேபுக்குச் சாம்பிள் அனுப்பியதெல்லாம் ஒரு நாள் வேலை. வந்த ரிப்போர்ட்டில் ஒரே ஒரு சூடாக்கல் கோடு. கேட்டால், “பாரத்துல ஒண்ணும் எழுதலையே அண்ணாச்சி”. மறுபடியும் பணம் கட்டினோம்.

முதல் சூடாக்கலில் தெரிவது மூடி அச்சில் ஆறிய விதம். சட்டென்று ஆறினால் பிளாஸ்டிக்கின் மூலக்கூறு சங்கிலிகள் மடிந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காது, அப்படி அடுக்கிய பகுதியான படிகம் குறையும். பொருளின் சொந்தக் குணம், பழைய சூட்டின் தடத்தை உருக்கி அழித்த பிறகு, இரண்டாம் சூடாக்கலில்தான் தெரியும்.

ஆகவே பாரத்தில் இப்படியே எழுதுங்கள்: நைட்ரஜன், நிமிடத்துக்கு 10 டிகிரி செல்சியஸ் வீதம் 200 வரை, அங்கே 5 நிமிடம், அதே வேகத்தில் 30 வரை குளிர்விப்பு, மறுபடி 200. மின்சாரம் மிச்சம் என்று 165-170லேயே நிறுத்த விடாதீர்கள். உருகாமல் மிஞ்சிய துணுக்குகள் உறை மோர் மாதிரி வேலை செய்து, படிகமாகும் வெப்பநிலையைப் பொய்யாக உயர்த்தும்.

சாம்பிள் 5 முதல் 10 மில்லிகிராம் போதும். பிளேடால் தட்டையாகச் சீவுங்கள், சூட்டுக் கம்பி கூடாது. எப்போதும் ஒரே இடத்தில் வெட்டுங்கள். அச்சுச் சுவரை ஒட்டிய தோலும் நடுப்பகுதியும் ஒன்றல்ல.

எங்கள் சாம்பிளின் இரண்டாம் சூடாக்கல் கோட்டில் உருகலைக் காட்டும் மேடுகள் இரண்டு: 162ல் பெரிய மேடு, 127ல் சின்ன மேடு. பாலிஎத்திலீன் கலந்த குருணை! குளிர்விப்புக் கோட்டில் இதைத் தேடாதீர்கள். இரண்டும் பெரும்பாலும் 115ஐ ஒட்டியே படிகமாவதால் ஒன்றாகிவிடலாம். 145 பக்கம் மேடு வந்தால் பெரும்பாலும் ரேண்டம் கோபாலிமர் வகைப் பிபி. இடையில் ஏறிய எத்திலீன் சங்கிலியின் ஒழுங்கைக் குலைக்கிறது.

மூட்டைக்கு மூட்டை வேறுபாடும் சிக்கியது: ஒன்று 113ல், இன்னொன்று 124ல் படிகமாகிறது. பின்னதில் டால்க் என்ற கல்மாவு. டால்க் படிகத்துக்கு விதை போடும், முந்தி இறுகும், சுருக்கமும் மாறும். மூட்டைகளைக் கலந்து அடித்த பிறகு வளைவு அடங்கியது.

படிக சதவீதத்தில் லேப் டால்க்கைக் கழிக்கவில்லை. உருகல் வெப்பம் கிராமுக்கு 83 ஜூல்; அதை முழுப் படிகப் பிபிக்கான 207ஆல் வகுத்தால் 40 சதவீதம். டால்க் 20 சதவீதம் என்றால் உண்மையில் 50.

மூடியின் நீள அகல அளவுகளை, அடித்து 48 மணி நேரம் கழித்து எடுங்கள். நம்மூர் வெயிலில் பிபி கிடங்கிலும் மெல்லச் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும்.